நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி

சிவமயம்

புதுதில்லி
12.6.2024

அன்புத் தங்கை லேகாவுக்கு,

ஆசிகள். இங்கே நானும் உன் மதினி விஜயஸ்ரீயும் பிள்ளைகளும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை சிவகணேஷும் நலம்தானே?

கையில் போன் இருக்கும்போது அண்ணாச்சி எதற்குத் தாளில் எழுதுகிறார் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். எங்கள் கட்டடத்தில் இப்போது போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆபீஸ் விஷயம் எதையும் போனிலோ மெயிலிலோ வீட்டாரோடு பேசக் கூடாது என்று உத்தரவு. தாளைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. தாள் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

சேதி இதுதான். வெளிநாடுகளோடு சேர்ந்து அறிவியல், தொழில்நுட்ப ஆய்வு செய்வதற்கு நம் நாட்டுக்கென்று ஒரு தேசிய வியூகம் தயாராகிறது. எந்த நாட்டோடு எந்தத் துறையில் சேருவது, யார் போய்வருவது, எதைப் பகிர்ந்துகொள்வது, எதைக் கைக்குள் வைத்துக்கொள்வது எல்லாம் அதில் வரும். எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். நான்காம் அத்தியாயம் முழுக்க என் கை. இருபத்தைந்து வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் உருப்படியாக ஒன்று எழுதுகிறேன் என்றால் இதுதான்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும் என்றார் எங்கள் குழுத் தலைவர். எல்லோரும் பெங்களூரு, புனே என்று எழுதினார்கள். நான் பாளையங்கோட்டை என்று எழுதினேன். டாக்டர் சித்ரலேகா, நிலவியல் துறை, டென்மார்க்கோடு கூட்டு ஆய்வு. நீ என் தங்கை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

தலைவருக்கு முதலில் பிடிக்கவில்லை. பழைய மணலின் வயதைத் தெரிந்துகொண்டு நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்டார். முக்கியக் கனிமம் என்றால்தான் அவருக்கு இப்போது காது கேட்கும். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: ‘அருமண் தனிமங்கள் செறிந்த தென்கடற்கரை மணலில் நடைபெற்றுவரும் முன்னோடி ஆய்வு.’ செல்போனுக்கும் காந்தத்துக்கும் வேண்டிய அந்த அருமண் நம் கரை மணலில் இருக்கத்தானே செய்கிறது? பொய் ஒன்றும் இல்லையே. மனுஷர் உடனே தலையை ஆட்டிவிட்டார்.

நம் ஊர்ப் பெயரும் உன் பெயரும் அச்சில் வரப்போகின்றன. சந்தோஷமாக இரு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு அண்ணாச்சி,
குற்றாலலிங்கம்

*

பாளையங்கோட்டை
24.6.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் உறையைத் தபால்காரர் நீட்டியதும் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து இவர் பயந்துவிட்டார். “ஏளா, உங்க அண்ணாச்சி சொத்தைப் பிரிக்கச் சொல்லுதாரா?” என்றார். பிரிக்க நமக்கு என்ன இருக்கிறது? உங்கள் கையெழுத்தைப் படிக்கத்தான் பாதி ராத்திரி ஆயிற்று.

என் பெயர் அச்சில் வருகிறது என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எழுதுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அருமண்ணுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அண்ணாச்சி. நான் அதைத் தேடவே இல்லை.

என் வேலை என்னவென்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் ‘சரி, சரி’ என்று சொதியை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போதாவது கேளுங்கள். மணல் கடைசியாக எந்தக் காலத்தில் வெயிலைப் பார்த்தது என்று அந்த மணலை வைத்தே கண்டுபிடிக்கலாம். அது தெரிந்தால், கடல் எப்போது எதுவரை ஏறி வந்தது, எப்போது இறங்கியது என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் புன்னக்காயல் முகத்துவாரத்திலும் குலசேகரன்பட்டினத்துச் செம்மணல் மேடுகளான தேரியிலும் மண்ணுக்குள் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு இரண்டு முனையையும் மூடி எடுத்துவருகிறோம். எங்கள் ஆய்வகத்திலும் சிவப்பு விளக்கில்தான் திறக்க வேண்டும். கொஞ்சம் வெயில் பட்டாலும் போச்சு. ஆயிரக்கணக்கான வருஷக் கணக்கு அந்த நிமிஷத்தில் அழிந்துவிடும்.

வயது பார்க்கும் கருவி நம் நாட்டில் சில இடங்களில்தான் இருக்கிறது. எல்லா இடத்திலும் வருஷக்கணக்கில் வரிசை. டென்மார்க்கில் கிர்ஸ்டன் தன் ஆய்வகத்தில் எனக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறாள். குழாய்களை முன்னதாக அனுப்பிவிட்டு நவம்பரில் நானும் ஆறு மாதம் அங்கே போகிறேன். திரும்பும்போது ஒரு கருவி நம் கல்லூரிக்கு வரும். இரண்டு சர்க்காரும் ஒரே தேதியில் தொடங்க வேண்டும், ஒன்று பின்வாங்கினால் மற்றதும் இல்லை என்பதுதான் ஒப்பந்தம். நான்கு வருஷமாக நானும் அவளும் இதற்காகத்தான் நாயாய் அலைகிறோம்.

புன்னக்காயலில் மகளிர் குழுத் தலைவி ஜெபராணியக்கா நான் போகும்போதெல்லாம் இளநீர் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். “எங்க ஊரு தண்ணிக்குள்ள போவுமா போவாதா, அதச் சொல்லு மொதல்ல.” டென்மார்க் போய்வந்தால் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய வரி அவள் காதில் விழுந்தால் தாது மணல் அள்ள வந்தவள் என்றுதான் என்னை நினைப்பாள். அந்தக் கரையில் அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது.

தயவுசெய்து அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். என் பெயரே வராவிட்டாலும் பரவாயில்லை.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் தங்கை,
லேகா

*

சிவமயம்

புதுதில்லி
11.7.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று உன் மதினி முன்பே சொன்னாள். அவளுக்கு உன்னைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

வரியை எடுக்கலாம் என்றுதான் போனேன். அதற்குள் வரைவு மேலே போய்விட்டது. பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டும் விட்டார்கள். இப்போது போய் எடுங்கள் என்றால் ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். இன்னொன்று, அந்த வரியினால் உன் ஆய்வு முன்னுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கப் பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. உன்னை நான் வீட்டில் உட்கார்ந்தபடியே ஏற்றிவிட்டேன். நீ வருத்தப்படுகிறாய்!

சின்ன ஒரு சம்பிரதாயம் மட்டும் உண்டு, வரைவோடேயே அமலுக்கு வந்துவிட்டது. பட்டியலில் இருக்கும் ஆய்வைப் பற்றி வெளிநாட்டாருக்கு எழுதும் கடிதங்கள் கல்லூரி முதல்வர் வழியாகப் போக வேண்டும். அந்த விதியையும் நான்தான் எழுதினேன். அதனால் எனக்குத் தெரியும், பயப்பட ஒன்றும் இல்லை. பெயருக்குத்தான்.

நவம்பரில் நீ விமானம் ஏறுவாய். ஏறும்போது என்னை நினைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணாச்சி

*

பாளையங்கோட்டை
30.8.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் சின்னச் சம்பிரதாயம் இங்கே எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன்.

தேரியில் எடுத்த குழாய்களைக் கூரியரில் அனுப்பினேன். மூன்றாம் நாள் தூத்துக்குடி சுங்க அலுவலகத்திலிருந்து போன். பெட்டியின் மேல் என் பெயரைப் பார்த்திருக்கிறார்கள், பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். முக்கியக் கனிமம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது, திரும்ப எடுத்துப் போங்கள் என்றார்கள். டிரைவர் சுடலைமணியை ஜீப்போடு அழைத்துக்கொண்டு போய், திருட்டுச் சாமான் பிடிபட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிவந்தேன்.

என் பயணத்துக்கான தடையின்மைச் சான்றும் நின்றுவிட்டது. முதல்வர் கோமதிசங்கர் நல்லவர்தான். “எனக்குக் குடுக்க ஆசையில்லியா? மேலேர்ந்து எழுத்துல வராம நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு எம் பென்ஷன் நிக்கும்” என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

கிர்ஸ்டன் மூன்று மெயில் போட்டுவிட்டாள். மூன்றுக்கும் நான் எழுதிய பதில் முதல்வர் அறை மேஜையில் கிடக்கிறது. அவர்கள் பக்கம் அக்டோபர் கடைசிவரைதான் காத்திருப்பார்களாம். தினமும் அவளோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தவள் நான். அவள் பிள்ளைக்குப் பல் முளைத்தது வரைக்கும் எனக்குத் தெரியும். இப்போது குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு அனுமதி வேண்டும்.

அண்ணாச்சி, நான் எதற்காக இந்த வியூகம் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? வெளிநாட்டோடு சேர்ந்து வேலை செய்யத்தான் என்று. எனக்கு இருந்ததே ஒரு ஜன்னல். அதையும் நீங்கள் பூட்டுப் போட்டுவிட்டு நன்றி சொல்லச் சொல்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம்தான். மறைக்கவில்லை.

எப்படியாவது அவிழ்த்துவிடுங்கள். முடிச்சுப் போட்டவருக்கு அவிழ்க்கத் தெரியாதா?

லேகா

*

சிவமயம்

புதுதில்லி
14.9.2024

லேகாவுக்கு ஆசிகள்.

அவசரமாக எழுதுகிறேன். நல்ல சேதி. கெஞ்சிக் கூத்தாடி ஒரு பார்வைக் குழுவுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். அக்டோபர் முதல் வாரம் பாளையங்கோட்டைக்கு வருவார்கள். தேரியைப் பார்ப்பார்கள், உன் ஆய்வகத்தைப் பார்ப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். அறிக்கை வந்த மறுவாரமே உன் பெட்டிகளை விடுவித்துவிடலாம் என்று தலைவரே சொல்லியிருக்கிறார். கிர்ஸ்டன் சொன்ன கெடுவுக்குள் ஆகிவிடும்.

அவர்களை நெல்லையப்பர் கோயிலுக்கு அழைத்துப் போ. சாப்பாடு நம் வீட்டிலேயே வை. அங்கே நின்று விவாதம் பண்ணாதே. உன் வாய் எனக்குத் தெரியும். கேட்டதைக் காட்டு, போதும். அவர்கள் மனம் குளிர்ந்தால் எல்லாம் குளிரும்.

அண்ணாச்சி

*

பாளையங்கோட்டை
6.10.2024

அண்ணாச்சிக்கு,

வந்தார்கள். போய்விட்டார்கள். நீங்கள் சொன்னபடி கோயிலும் காட்டினேன், சாப்பாடும் போட்டேன். அப்பளம் நன்றாக இருந்தது என்றார்கள்.

குலசேகரன்பட்டினத்தில் தசரா தொடங்கிவிட்டது. காளி வேஷமும் குறவன் வேஷமும் ரோடு முழுக்க. ஜீப் நகரவே இல்லை. தேரியில் அவர்கள் நின்றது கால்மணி நேரம். செருப்புக்குள் மண் போகிறது என்று திரும்பிவிட்டார்கள். ஆய்வகத்துக்கு வரும்போது நடு மத்தியானம்.

இருட்டறைக்குள் அழைத்துப் போனேன். குழாய்களை எதற்காக மூடி வைத்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். பிறகு ஒருவர் சொன்னார், சிவப்பு வெளிச்சத்தில் படம் எடுக்க முடியவில்லை, படம் இல்லாமல் அறிக்கை செல்லாது, எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து திறக்க வேண்டும் என்று.

நான் மாட்டேன் என்றேன். நீங்கள் விவாதம் பண்ணாதே என்று எழுதியதும் ஞாபகம் இருந்தது, அதையும் மீறித்தான் சொன்னேன். வெயில் பட்டால் இது வெறும் மண், நான்கு வருஷம் போய்விடும் என்றேன். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர், சென்னைக்காரர், “மண்ணுதானே மேடம். போனா இன்னொரு கை அள்ளிக்கலாம்” என்றார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றேன். முதல்வர் பைய என் பக்கத்தில் வந்து, “தடுக்காதீங்கம்மா. டெல்லிலேர்ந்து வந்திருக்காவ. ஒளிக்கதுக்கு ஏதோ இருக்குன்னு எழுதிட்டாவன்னா காலேஜையே மூடிருவாவ” என்றார்.

சாவியைக் கொடுத்தேன். என் கையால்தான் கொடுத்தேன்.

முற்றத்தில் பெஞ்சைப் போட்டு, ஒவ்வொரு குழாயாக வெட்டி, மணலை வெள்ளைத் தாளில் கொட்டிப் படம் எடுத்தார்கள். நல்ல வெயில். புன்னக்காயல் மணல் ஈரம் காயாமல் கறுப்பாக இருந்தது. ஒருவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்து, இதில் அருமண் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். அடித்துவிடுவேனோ என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு அந்த மணலைக் கூட்டி வாளியில் அள்ளினேன். வயது பார்க்க இனி அதில் ஒன்றுமில்லை. பிள்ளை பெறாதவள் நான். பெற்றிருந்தால்கூட இப்படி அழுதிருப்பேனா என்று தெரியவில்லை. இவர் வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

இனி மழைக்காலம். முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்து மறுபடி குழாய் இறக்க வேண்டுமென்றால் பிப்ரவரி ஆகும். கிர்ஸ்டன் அதுவரை காத்திருப்பாளா என்று கேட்டாவது ஒரு வரி எழுத அனுமதி வாங்கிக் கொடுங்கள். இது ஒன்றுதான் இப்போது கேட்கிறேன்.

லேகா

*

சிவமயம்

புதுதில்லி
19.10.2024

என் அன்புத் தங்கை லேகாவுக்கு,

நடந்ததைப் படித்து எனக்கும் தாங்கவில்லை. நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் போதாது, தெரிகிறது. ஆனால் இப்போது அதைவிடப் பெரிய இடி வந்திருக்கிறது.

பார்வைக் குழு அறிக்கையில், இங்கே அருமண் ஆய்வு நடந்ததற்கான அடையாளமே இல்லை என்று எழுதிவிட்டார்கள். யார் அந்த வரியை எழுதியது என்று தலைவர் கேட்டார். நான் என்றேன். எந்த ஆதாரத்தில் என்றார். அதற்குள் யாரோ உன் பதிவேட்டையும் என் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டிலும் தகப்பன் பெயர் ஒன்று என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சொந்தத் தங்கைக்காகத் தேசிய ஆவணத்தில் பொய் எழுதினான் என்று பேச்சு. விசாரணை என்றால் முதலில் சஸ்பென்ஷன். எட்டு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறது. பெரியவன் இந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறான். உன் மதினி யார் போன் வந்தாலும் எடுப்பதில்லை.

ஒரு வழி இருக்கிறது. நீ மூன்று வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். உன் ஆய்வின் நோக்கம் ஆரம்பத்திலிருந்தே அருமண்தான், மணலின் வயது பார்ப்பது அதற்கு ஒரு துணைமுறை மட்டுமே என்று. அது வந்தால் நான் எழுதியது சரி என்றாகிவிடும். அதோடு பாளையங்கோட்டையிலேயே ஒரு தேசிய அருமண் மணல் மையம் வைக்கத் தலைவர் தயாராக இருக்கிறார். நீதான் அதற்குத் தலைவர். தனிக் கட்டடம், ஆட்கள், எல்லாம்.

டென்மார்க்கை அதோடு விட்டுவிட வேண்டியிருக்கும். மையத்து ஆட்களுக்கு வெளிநாட்டுக் கூட்டு கிடையாது. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

லேகா, அப்பா போன பிறகு பெரியப்பாவும் சித்தப்பாவும் உன்னைக் கட்டிக்கொடுத்துவிடச் சொன்னார்கள். கல்லையும் மண்ணையும் படிக்க ஒரு பொம்பளைப் பிள்ளையா என்று கேட்டார்கள். நடு வீட்டில் நின்று அவள் படிப்பாள் என்று சொன்னவன் நான். இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் எழுதுகிறேன். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

உன்னையே நம்பியிருக்கும்
அண்ணாச்சி

*

பாளையங்கோட்டை
4.11.2024

அண்ணாச்சிக்கு,

தீபாவளிக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும்.

இவர் வேண்டாம் என்றார். “அவரு வேலை போனா நாம சேந்து பாத்துக்கிடலாம். ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பாக்குதது?” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று நாள் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, போட மாட்டேன் என்றே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நடு வீட்டில் நின்றதை எழுதியிருக்க வேண்டாம், அண்ணாச்சி. எழுதாமலிருந்தாலும் அது எனக்கு ஞாபகம் இருக்கும். எழுதியதும் அது விலையாகிவிட்டது. நான் கொடுத்துவிட்டேன்.

கிர்ஸ்டன் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். கெடு முடிவதற்குள் கடைசியாக ஒரு மெயில் போட்டிருந்தாள். உங்கள் வரைவை அவளும் படித்திருக்கிறாள். உலகம் முழுக்கப் படிக்கத்தானே வெளியிட்டீர்கள். ‘நாம் சேர்ந்து செய்ததெல்லாம் கனிமம் தேடவா? முதலிலிருந்தே அதுதானா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது, நான் இங்கே போராடிப் பார்க்கிறேன்’ என்று கேட்டிருந்தாள். நான் ‘இல்லை’ என்று எழுதி முதல்வர் வழியாகக் கொடுத்தேன். அது போகவில்லை. அதற்குப் பதிலாகக் கல்லூரியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது: ‘குறிப்பிட்ட ஆய்வு முன்னுரிமைப் பிரிவில் வருவதால் கருத்துத் தெரிவிப்பதற்கில்லை.’ கீழே என் பெயர்.

என் சொந்தப் போனிலிருந்து யாருக்கும் தெரியாமல் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது உங்கள் மூன்று வரி என் மேஜையில் இருந்தது. அவளுக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டு உங்களுக்கு ‘ஆம்’ என்று கையெழுத்துப் போட எனக்கு வரவில்லை. உங்களுடையதைப் போட்டேன்.

மதினியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

லேகா

*

சிவமயம்

புதுதில்லி
20.1.2025

என் கண்ணான தங்கை லேகாவுக்கு,

கோடி ஆசிகள். எங்கே ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை. நீ போட்ட கையெழுத்து என் குடும்பத்தைக் கரை சேர்த்துவிட்டது. விசாரணை இல்லை, ஒன்றும் இல்லை. தேசிய வியூகம் போன வாரம் முறைப்படி வெளியாகிவிட்டது. மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி. புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில் உன் படம் போட்டிருக்கிறார்கள், நீ தேரியில் நிற்கிற படம். உன் மதினி அதை வெட்டிப் பூஜை அறையில் வைத்திருக்கிறாள்.

இன்னும் பெரிய சேதி இருக்கிறது. வியூகத்தின்படி சில நாடுகளின் தூதரகங்களில் அறிவியல் ஆலோசகர் என்று புதுப் பதவி வருகிறது. எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. எந்த ஊர் என்று நினைக்கிறாய்? கோபன்ஹேகன்! டென்மார்க்! ஆணையைப் பார்த்ததும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. நீ போக இருந்த ஊருக்கு நான் போகிறேன். உனக்காகவே பகவான் என்னை அனுப்புகிறான் என்று உன் மதினி சொல்கிறாள். நீ போயிருந்தால் எந்தக் கடையில் எந்தக் கோட்டு வாங்குவதென்று கேட்டிருப்பேன். இப்போது யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

உன் கிர்ஸ்டனைப் போய்ப் பார்க்கட்டுமா? இன்னார் அண்ணன் என்று சொன்னால் சந்தோஷப்படுவாள். பட்டியலில் இருக்கும் விஷயத்தைப் பற்றி நான் அங்கே வாய் திறக்க முடியாது. அது என் பதவிக்கே விதி. பொதுவாகப் பேசிவிட்டு வரலாம். நீ ஏதாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் அனுப்பு. அல்வா கெடாமல் போய்ச் சேருமா?

பிப்ரவரி பதினைந்தாம் தேதி புறப்பாடு. நீயும் மாப்பிள்ளையும் வழியனுப்பக் கட்டாயம் தில்லிக்கு வர வேண்டும். நீ வராமல் எனக்குக் கால் எழும்பாது.

அன்பு அண்ணாச்சி,
குற்றாலலிங்கம்

*

பாளையங்கோட்டை
3.2.2025

அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் பதவிக்கு என் வாழ்த்துகள். உங்களுக்கு நல்லது நடந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நீங்கள் நினைக்கக் கூடாது. சந்தோஷம்தான். அதை அனுபவிக்கத்தான் முடியவில்லை.

மையம் திறந்தாயிற்று. வாசலில் பெரிய பலகை, அதில் என் பெயர். உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதற்கடுத்த வாரம் புன்னக்காயலுக்குப் போனேன். முதல்முறையாக இளநீர் வரவில்லை. ஜெபராணியக்கா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள். “தாது மணலு அள்ளத்தான் கறுப்புத் துணியப் போத்திக்கிட்டு இங்கன வந்து கெடந்தியா? சத்தியம் பண்ணுனியே, ஏளா!” என்றாள். அப்புறம் அவள் அழுதாள். ஊருக்குள் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லி வைத்தது தான்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? என் கையெழுத்து இருக்கிறதே. நீங்கள் எழுதியபோது அது பொய்யாகத்தான் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டதும் அதுவே என் நான்கு வருஷமும் ஆகிவிட்டது.

அடுத்த மாதம் உவரிப் பக்கம் அருமண் தேடித் துளை போடப் போகிறார்கள். இடம் காட்ட நான்தான் போக வேண்டும்.

கொடுத்தனுப்ப ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. கிர்ஸ்டனிடம் போய், ‘அந்த வரியை எழுதியது நான், என் தங்கை இல்லை. அவள் உன்னை ஏமாற்றவில்லை’ என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். சுமையும் இல்லை, கெட்டும் போகாது.

உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். சொன்னால் நான் போட்ட கையெழுத்தும் பொய், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் பொய் என்றாகிவிடும். ஆகையால் அவளைப் பார்க்கப் போகாதீர்கள். என் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்து, காபி குடித்து, அவள் பிள்ளையைக் கொஞ்சி, மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு அதை மட்டும் பேசாமல் நீங்கள் எழுந்துவருவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. வேறு எதை வேண்டுமானாலும் தாங்குகிறேன், தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இது வேண்டாம்.

இனி எனக்குக் கடிதமும் எழுத வேண்டாம். உறை வரும்போதெல்லாம் அடுத்து எதில் கையெழுத்துப் போட வேண்டுமோ என்றுதான் பிரிக்கிறேன். உங்கள் மேல் எனக்குப் பாசம் போய்விட்டது என்று மதினியிடம் சொல்லிவிடாதீர்கள். போயிருந்தால் இவ்வளவு கஷ்டம் இருக்காது.

வழியனுப்ப இவர் மட்டும் வருவார். மையத்தின் தலைவர் மாவட்டத்தை விட்டுப் போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். உங்கள் நான்காம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது, நீங்கள் மறந்திருப்பீர்கள். அண்ணன் வெளிநாடு போகிறார் என்று எழுதிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். முதல்வர்கூடக் கேளுங்கள் என்றார்.

நான் கேட்கவில்லை.

சித்ரலேகா